பதில் சொல்லும் முகம்

1986-ஆம் ஆண்டில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில், ஏழைகள் வாழும் பகுதிகளிலிருந்து 129 குழந்தைகளை ஓர் ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். சத்துக் குறைவால் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள். சாலி கிராந்தம்-மெக்கிரிகர் என்ற மருத்துவரின் தலைமையில் இயங்கிய குழு அந்தக் குழந்தைகளை நான்கு பிரிவாக்கியது. யார் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தற்செயலாகவே முடிவு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ சத்துப் பால்மாவு கிடைத்தது. இன்னொரு பிரிவில் ஒரு சுகாதாரப் பணியாளர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்து விளையாடிவிட்டுப் போனார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காம் பிரிவுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். இப்படியே இரண்டு ஆண்டுகள் நடந்தது. பால்மாவு, விளையாட்டு இரண்டுமே அப்போது பலன் தந்தன. ஆனால் ஆண்டுகள் போகப் போகப் பால்மாவின் பலன் மங்கிவிட்டது. விளையாட்டின் பலன் நிலைத்தது. அந்தக் குழந்தைகள் 22 வயதை எட்டியபோது அவர்களைத் தேடிப்பிடித்து மறுபடி கணக்கெடுத்தார்கள். விளையாட ஆள் வந்த வீட்டுப் பிள்ளைகள், வராத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 31 வயதில் பார்த்தபோது அந்த இடைவெளி 37 விழுக்காடாக அகன்றிருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் அப்படி என்னதான் நடந்தது? வந்தவர்கள் கல்வியாளர்களோ உளவியல் நிபுணர்களோ அல்லர். பெரிய படிப்பு இல்லாத, குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்ற பெண்கள். கொண்டுவந்த பொம்மைகளும் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி, துணித்துண்டு இவற்றில் செய்தவை. ஒரு பொம்மையை விட்டுவிட்டுப் போய், அடுத்த வாரம் வேறொன்றை மாற்றிக் கொடுப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பணியாளர் குழந்தைக்குப் பாடம் நடத்த வரவில்லை என்பதுதான். குழந்தை எதைப் பார்க்கிறது, எதை எடுக்கிறது, என்ன சத்தம் எழுப்புகிறது என்று கவனித்து, அதற்கு ஈடு கொடுக்கும் பழக்கத்தைத் தாயிடம் ஊன்றிவிட்டுப் போவதே அவர் வேலை. அவர் போன பிறகு மீதமிருக்கும் ஆறு நாட்களும் அந்த வீட்டில் அது தொடர்ந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு குழந்தையின் அறிவும் மனமும் எதனால் வளர்கின்றன என்று கேட்டால், நாம் அதற்கு வாங்கித் தரும் பொருளும் சொல்லித் தரும் பாடமும் இரண்டாம் பட்சம் என்றே சொல்வேன். அது ஒன்றைச் செய்யும்போது இன்னொரு மனிதர் அதைப் பார்த்துப் பதில் கொடுக்கிறாரா என்பதுதான் முதல் பட்சம்.

129 பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கே விதி சொல்லலாமா என்று கேட்பது நியாயம். அதனால்தான் இந்த முறை வேறு மண்ணில் பலமுறை சோதிக்கப்பட்டது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக் கிராமங்களில், அரசின் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே 1,489 தாய்-சேய் இணைகளிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. ஒடிசாவின் கட்டாக் நகரத்துக் குடிசைப் பகுதிகளில் 421 குழந்தைகளிடம் நடந்தது. இரண்டு இடங்களிலும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி முன்னேறியது. எல்லா இடத்திலும் ஜமைக்கா அளவுக்குப் பலன் நீடித்தது என்று சொல்ல முடியாது. கொலம்பியாவில் இதே போன்ற ஒரு திட்டம் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கிடைத்த முன்னேற்றம் கரைந்துபோயிருந்தது. இதை மறைக்கத் தேவையில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் காக்கும் தடுப்பூசி அல்ல இது. பின்னால் வரும் பள்ளியும் வீடும் கைகொடுக்காவிட்டால் முன்னால் பெற்றதும் தேயும்.

பதில் என்பது குழந்தைக்கு எவ்வளவு அவசியமானது என்பதை எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஓர் எளிய சோதனையால் காட்டினார். தாயும் சில மாதக் குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். பிறகு தாய் சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விலகிப் போவதில்லை, திட்டுவதில்லை. முகம் அசையாமல் இருக்கிறது, அவ்வளவுதான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். பலிக்காவிட்டால் கையை நீட்டும், குரல் கொடுக்கும், உடம்பை முன்னே தள்ளும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில குழந்தைகள் வீறிட்டு அழும். வாய்ப்பேச்சு வருவதற்கு வெகு நாட்கள் முன்பே, தான் ஒன்று செய்தால் எதிரே ஒன்று நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் உருவாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு ஓரளவு தெளிவாகத் தெரியும் தூரம் ஒரு முழத்துக்கும் குறைவு. பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அதுதான். பிறக்கும்போது பெரியவரின் மூளையில் கால் பங்கு எடையுள்ள குழந்தையின் மூளை, மூன்று வயதுக்குள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. அந்த வேகமான வளர்ச்சிக் காலம் முழுவதும் அது முகங்களைப் படித்துக்கொண்டிருக்கிறது.

மொழி கற்கும் விஷயத்திலும் இதே உண்மை வேறு வழியில் வெளிப்படுகிறது. பிறக்கும் குழந்தை எந்த மொழியின் ஒலியையும் பிரித்தறியும் காதோடு வருகிறது. 1984-இல் ஜேனட் வெர்க்கர் என்ற ஆய்வாளர், ஆங்கிலம் பேசும் கனடா நாட்டு வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு இந்தி ஒலிகளைக் கேட்கச் செய்தார். ‘பத்து’ என்பதில் வரும் தகரத்துக்கும் ‘பட்டு’ என்பதில் வரும் டகரத்துக்கும் உள்ள வேறுபாடு நமக்குச் சாதாரணம். ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவருக்கு அது காதில் எளிதில் பிடிபடாது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளோ அந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் மங்கிவிட்டது. வீட்டில் பயன்படாத ஒலிகளை விட்டுவிட்டு, பயன்படும் ஒலிகளில் காது ஊன்றிவிடுகிறது. அப்படியானால் அந்த மாதங்களில் வேற்றுமொழியை ஒலிபரப்பிக்கொண்டே இருந்தால் போதுமா? பட்ரீஷியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு குழுவோடு, சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு முறை விளையாடினார்கள், படக்கதை படித்தார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். வேறு குழந்தைகளுக்கு அதே மனிதர்கள் பேசியதை, அதே கால அளவுக்கு, தொலைக்காட்சித் திரையிலும் ஒலிப்பதிவிலும் போட்டார்கள். அவர்கள் ஒன்றும் கற்கவில்லை. பேச்சு ஒன்றுதான், குழந்தை எங்கே பார்க்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப நிறுத்தி, சிரித்து, திரும்பச் சொல்லும் ஆள் மட்டும் அங்கே இல்லை.

கைபேசி பற்றிய கவலையை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கண் கெட்டுவிடும், மூளை சூடாகிவிடும் என்று பயமுறுத்துவதில் பயன் இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், ஒரு வயதுக் குழந்தைக்கும் உகந்ததல்ல, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயது வரை திரை கூடாது என்றே 2021-இல் அறிவுறுத்தியது. வெளிநாட்டிலிருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ அழைப்பில் பேசுவதை மட்டும் குழந்தை மருத்துவர்கள் விலக்காக வைக்கிறார்கள். காரணம் எளிது: அந்தத் திரை பதில் சொல்கிறது. நம் வீடுகளில் பெரிய இழப்பு நடக்கும் இடம் சாப்பாட்டு வேளைதான். யூடியூபில் பாட்டைப் போட்டால்தான் வாயைத் திறக்கிறான் என்று பல தாய்மார் சொல்கிறார்கள். சோறு உள்ளே போவது உண்மை. ஆனால் ஒரு நாளில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் முகத்துக்கு முகம் அதிக நேரம் இருக்கும் வேளை அதுதான். பசியா, போதுமா, இன்னும் ஒரு வாயா என்று குழந்தை கேட்டுப் பழகும் வேளையும் அதுதான். திரையில் லயித்த குழந்தை வயிறு நிறைந்ததைக்கூட அறியாமல் விழுங்குகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: குழந்தையின் கையிலிருக்கும் கைபேசியைவிட, அதன் எதிரே உட்கார்ந்திருப்பவர் கையிலிருக்கும் கைபேசி பல நேரம் அதிகம் பறித்துக்கொள்கிறது. கீழே குனிந்திருக்கும் அந்த முகமும் குழந்தைக்கு அசையாத முகமே.

இதெல்லாம் தெரியாமலா நம் பாட்டிகள் பத்துப் பிள்ளை வளர்த்தார்கள் என்ற கேள்வி உடனே எழும். அவர்களுக்கு இது தெரியாது என்று யாரும் சொல்லவில்லை; நன்றாகவே தெரியும் என்பதற்கு நம் இலக்கியமே சான்று. பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழிலிருந்து தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது. அதன் பத்துப் பருவங்களும் ஒரு குழந்தையின் வளர்ச்சியைக் கூர்ந்து பார்த்த கண்களால் வகுக்கப்பட்டவை. ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில், கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. தாலாட்டுக்குரிய தால். ஒன்பதாம் மாத அளவில் இரு கைகளையும் சேர்த்துத் தட்டும் சப்பாணி. பிறகு முத்தம். ஒரு வயதை ஒட்டித் தளர்நடை நடப்பதை எதிர்கொண்டு அழைக்கும் வாரானை. நிலவைக் காட்டி விளையாட அழைக்கும் அம்புலி. அதன் பின் ஆண் குழந்தைக்குச் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும். பெண் குழந்தைக்கு அம்மானை, ஊசல் போன்றவை. குழந்தை மருத்துவர்கள் இன்று வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு இதை ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். அதைவிட முக்கியம், இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை குழந்தையை நோக்கிப் பேசுகின்றன என்பது. ஆடு, தட்டு, கொடு, வா என்று கேட்கின்றன. குழந்தை செய்யப்போவதற்காகக் காத்திருக்கின்றன. அம்புலிப் பருவத்தில் மேலே விரல் நீட்டி, குழந்தையும் தாயும் ஒரே பொருளைப் பார்க்கிறார்களே, அந்தச் சேர்ந்து பார்க்கும் செயலைத்தான் சொல் கற்பதற்கு அடிப்படை என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எனவே பாட்டிகளின் அறிவை எதிர்த்து இந்த வாதம் எழவில்லை. பாட்டி இருந்த வீடு மாறிவிட்டது என்பதுதான் பிரச்சினை. அத்தையும் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் மாறி மாறித் தூக்கிக்கொண்ட குழந்தை, இன்று நகரத்து அடுக்ககத்தில் ஒரே ஒரு பெரியவரோடு நாள் முழுவதும் அடைந்திருக்கிறது. அன்று ஒருவர் களைத்தால் இன்னொருவர் பதில் சொன்னார். இன்று அந்த ஒருவர் சமையலறையில் இருந்தால் பதில் சொல்ல ஆளில்லை. தானாக நடந்துகொண்டிருந்ததை இன்று தெரிந்து செய்ய வேண்டியிருக்கிறது. பழைய வீட்டை அப்படியே போற்றவும் நான் தயாராக இல்லை. அங்கே பல ஆண்கள் குழந்தையைத் தூங்கிய பிறகுதான் பார்த்தார்கள். பெண் குழந்தையின் கேள்விக்கு, வாயாடாதே என்பதே பல வீடுகளில் பதிலாக இருந்தது.

இன்னும் வலுவான மறுப்பு மானுடவியலாளர்களிடமிருந்து வருகிறது. பொலிவியாவின் சிமானே மக்களிடையே பெரியவர்கள் கைக்குழந்தையை நோக்கி நேராகப் பேசுவது, பகலில் மணிக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று ஓர் ஆய்வு கண்டது. மெக்சிகோவின் செல்தால் மாயர் கிராமங்களிலும் நேரடிப் பேச்சு குறைவுதான். ஆனாலும் அங்கே குழந்தைகள் உரிய வயதில் பேசத் தொடங்குகிறார்கள். அப்படியிருக்க, குழந்தையோடு ஓயாமல் பேச வேண்டும் என்பது அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் பழக்கத்தை உலகத்தின் தலையில் கட்டுவதாகாதா? ஓரளவுக்கு ஆகும். 1995-இல் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் கான்சஸில் 42 குடும்பங்களைக் கவனித்து, ஏழை வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். அந்த எண் உலகெங்கும் பரவியது. 2018-இல் வேறு ஆய்வாளர்கள் முயன்றபோது அவ்வளவு பெரிய இடைவெளி கிடைக்கவில்லை. ஏழைப் பெற்றோரைப் பேசத் தெரியாதவர்களாகச் சித்திரித்த அந்தக் கணக்கு கேள்விக்குள்ளானது நல்லதுதான். அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்து மூளையையும் படமெடுத்துப் பார்த்தது. மூளையின் மொழிப் பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்குகிறது என்பது, கேட்ட சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய முறைகளின் எண்ணிக்கையோடு பொருந்தி வந்தது. சிமானே குழந்தை தனியாகக் கிடப்பதில்லை. அண்ணன் அக்கா இடுப்பில், வேலை நடக்கும் இடத்தில், பலர் நடுவே வளர்கிறது. கை காட்டினால் பார்க்கவும் அழுதால் எடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். பதில் சொல்லாகத்தான் வர வேண்டும் என்றில்லை. தொடுதலாக, பார்வையாக, கையில் கொடுக்கும் ஒரு கிண்ணமாகவும் வரலாம். ஆகவே சொற்களை எண்ணிக் கொட்டுவதை விட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று பார்ப்பதே சரி.

அடுத்த கேள்வி நேரம் பற்றியது. இதைக் கேட்பவர்களுக்குத்தான் நான் அதிகக் கவனத்தோடு விடை சொல்ல விரும்புகிறேன். விடியற்காலை கட்டட வேலைக்கோ பின்னலாடை ஆலைக்கோ போய் இருட்டிய பிறகு திரும்பும் தாயிடம், உட்கார்ந்து விளையாடுங்கள் என்று சொல்வது கொடுமையாகப் படலாம். கிங்ஸ்டனில் அந்தத் தாய்மார்களும் வசதி உள்ளவர்கள் அல்லர். குளிப்பாட்டும்போது தண்ணீரைத் தட்டும் கைக்கு ஒரு சிரிப்பு, சட்டை மாட்டும்போது ‘கை எங்கே?’ என்று ஒரு கேள்வி, அரிசி புடைக்கும்போது முறத்தை நோக்கி வரும் குழந்தைக்கு ஒரு காலி டம்ளர் என்று, செய்தே தீர வேண்டிய வேலைக்குள்ளேயே இது நடக்கிறது. எப்போதும் நடக்க வேண்டும் என்றும் இல்லை. இணக்கமான தாய்-சேய் இணைகளிலும் இருவரும் ஒத்திசைந்து இருப்பது ஏறக்குறையப் பத்தில் மூன்று பங்கு நேரம்தான் என்று அதே ட்ரோனிக் கண்டறிந்தார். மீதி நேரம் தவறுவதும் சரிசெய்துகொள்வதுமாகப் போகிறது. தவறிய பிறகு திரும்ப இணைவதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது. அலுத்துப்போய் ஒருநாள் கத்திவிட்ட தாயும், கவனிக்காமல் இருந்துவிட்ட தகப்பனும் குழந்தையின் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டதாகக் குமுறத் தேவையில்லை.

ஆனால் எல்லாவற்றையும் தாயின் மடியில் போட்டுவிட்டு விலகிக்கொள்ளும் பேச்சை நான் ஏற்கவில்லை. மகப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வில் இருக்கும் பெண்ணின் முகம், அவள் எவ்வளவு விரும்பினாலும், அசையாத முகமாகிவிடுகிறது. அவளுக்கு உபதேசம் உதவாது; சிகிச்சை வேண்டும். ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசியதாலேயே, ஆறு மாதத்தில் மனச்சோர்வில் இருந்த தாய்மார்களின் விகிதம் மற்றப் பகுதிகளில் 53 விழுக்காடாக இருக்க, அங்கே 23 விழுக்காடாகக் குறைந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. தகப்பனுக்கும் இதில் பாதிப் பொறுப்பு உண்டு. உதவியாள் வேலை அல்ல அது. சட்டமும் பாதி வழியில் நிற்கிறது. 2017-இன் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம் தருகிறது. வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த விடுப்பு எதுவும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிதான் உண்டு. அது பெரிய துணையே. ஆனால் ஓர் ஆண்டுக் கூலிக்கு அது ஈடாகாது. பதில் சொல்லும் முகம் வேண்டும் என்றால், அந்த முகம் வீட்டில் இருப்பதற்கான வழியையும், இல்லாத நேரத்தில் வேறொரு முகம் இருப்பதற்கான ஏற்பாட்டையும் சமூகம் செய்து தர வேண்டும்.

அந்த வேறொரு முகம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி, இன்று கிட்டத்தட்ட எல்லாத் தெருவுக்கும் எட்டும் தூரத்தில் உண்டு. ஆனால் ஒரே பணியாளர் எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கணக்கெடுப்புக்கும் போக வேண்டும். குழந்தையோடு பேச அவருக்கு மிஞ்சுவது கொஞ்சமே. தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றுக்கு அரைநாள் வேலைக்கு ஒரு கூடுதல் பணியாளரை நியமித்து, கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். முன்பருவக் கல்விக்கு ஒதுங்கிய நேரம் இரு மடங்கானது; குழந்தைகளின் மொழியும் கணக்கும் மேம்பட்டன; கடும் ஊட்டக்குறைவும் குறைந்தது. புதிய கட்டடமோ டிஜிட்டல் பலகையோ வேண்டியிருக்கவில்லை. இன்னும் ஒரு மனிதர் போதுமாக இருந்தார். பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய விளையாட்டுகளை மாதவாரியாக வகுத்து ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியை மத்திய அரசு 2024-இல் வெளியிட்டிருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போக ஆள் வேண்டும் என்பதை நிதி ஒதுக்குபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வசதியுள்ள பெற்றோர் செய்யும் தவறு வேறு வகை. இரண்டரை வயதில் பிரீ-கேஜி, அதற்கு முன்பே எழுத்து அட்டைகள், வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்ற கட்டளை. ஆங்கிலம் கற்பதில் பிழை ஒன்றும் இல்லை. இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. பிரச்சினை பெற்றோரின் நாக்கில் இருக்கிறது. தமிழில் ஒரு காக்கையைப் பற்றிப் பத்து விதமாகப் பேசத் தெரிந்த தகப்பன், தனக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் ‘க்ரோ’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறான். அது எங்கே போகிறது, ஏன் கரைகிறது, யாருக்குச் சோறு கேட்கிறது என்ற உரையாடல் அங்கேயே அறுந்துவிடுகிறது. எந்த மொழியில் உங்களுக்குக் கோபமும் கொஞ்சலும் கதையும் தடையில்லாமல் வருகின்றனவோ, அந்த மொழியில் பேசுங்கள் என்பதே ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் கிடைக்கும் அறிவுரை. அதில் ஊன்றிய குழந்தை இரண்டாவது மொழியையும் அதன்மேல் கட்டிக்கொள்ளும். அட்டையைக் காட்டி ‘இது என்ன நிறம்?’ என்று விடை தெரிந்த கேள்வியையே கேட்டுக்கொண்டிருப்பது பரீட்சை. குழந்தை நீட்டிய விரலைப் பின்தொடர்ந்து போவதுதான் பேச்சு.

முதல் மூன்று ஆண்டு போய்விட்டால் எல்லாம் போய்விட்டதா என்ற பயமும் பலருக்கு உண்டு. இல்லை. மூளை மூன்று வயதில் கதவை அடைத்துக்கொள்வதில்லை. மனிதர் முதுமையிலும் கற்கிறார்கள். சில அடிப்படைகள் மட்டும் நாள் கடக்கக் கடக்கக் கடினமாகும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்து அனாதை இல்லங்களில், தொட்டில் வரிசையில் கிடந்து, அழுதாலும் ஆள் வராத சூழலில் வளர்ந்த 136 குழந்தைகளை 2000-ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்கள் தேறினார்கள், அவர்களிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் பல திறன்களில் கூடுதலாகத் தேறினார்கள். குழந்தை பிறவியிலேயே எல்லாம் கொண்டுவருகிறது, வளர்ப்பு என்ன செய்துவிடும் என்பவர்களுக்கும் இதில் விடை இருக்கிறது. பிறவிக் கூறு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது மெய். பதிலே கிடைக்காத இடத்தில் எந்தக் கூறும் முளைவிடத் திணறும் என்பதும் மெய்.

பதில் சொல்லிப் பழகிய பெற்றோருக்கு இன்னொரு நன்மையும் உண்டு: குழந்தை தங்களுக்குப் பதில் சொல்லவில்லை என்பதை அவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, கதவு படீரென்று சாத்தினாலும் திடுக்கிடாதது, ஒரு வயதாகியும் மழலை எழாததும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாததும், ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராதது, இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசாதது, முன்பு செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுவது ஆகிய எதுவாயினும், ‘அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொன்னாலும் காத்திருக்கக் கூடாது. பிறவிச் செவிக்குறையை ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவி தொடங்கினால், அந்தக் குழந்தைகளின் மொழி பின்னால் கண்டறியப்பட்டவர்களுடையதைவிட வெகுவாக முன்னேறுகிறது. அந்த உதவி காதுக்கருவியாக இருக்கலாம், அறுவை சிகிச்சையாக இருக்கலாம், சைகை மொழியாகவும் இருக்கலாம். கையால் பேசும் பெற்றோரின் பதிலும் முழுமையான பதில்தான். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில், பிறந்தது முதல் 18 வயது வரை செவி, பார்வை, பேச்சு, வளர்ச்சிக் குறைபாடுகளைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட செவிக்குறையுள்ள குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சையும் உண்டு. அந்த மையங்களுக்குப் போவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ, ‘கூப்பிட்டால் திரும்ப மாட்டேங்குது’ என்று சொன்னால், அவர் வழிகாட்டி அனுப்பிவைப்பார்.